வராத பிள்ளைகளையும் சேர்த்து

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர்களுடைய வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்தவள் நான். பிறந்த ஊர், படிப்பு, பார்த்த வேலை, கட்டிய மனைவி, பெற்ற பிள்ளைகள். வெளிநாட்டுக்குக் குடியேறப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம்.

இப்போது என் நாற்காலியில் இருக்கும் மீனா போன மாதம் போன் செய்தாள். இன்றைக்கு எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். தாளில் அடித்த காலத்தில் தப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஒயிட்னர் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் அடிப்போம் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஒயிட்னர் தடவ முடியாத தப்பு ஒன்று உண்டு. அதை மீனாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல் இருந்ததாகச் சொல்வார்கள். நான் தலையெடுக்கும்போது இருந்தது அப்பாவின் குமாஸ்தா வேலை மட்டும். ஹையர் தட்டச்சு இரண்டு மொழியிலும் தேறியிருந்தேன். அதை வைத்துத்தான் சாமிநாதன் சாரிடம் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பதும் நகல்களுக்குக் கெஜட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கக் காத்து நிற்பதுமாகவே போனது.

சாமிநாதன் சார் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தச் சான்றிதழைக் கொடுத்தாலும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு மேஜையில் வைத்து, எழுத்துக்குக் கீழே பென்சிலை நகர்த்திக்கொண்டே வாசிப்பார். சந்தேகம் வந்தால் பென்சில் நின்றுவிடும். ஒன்றும் கேட்கமாட்டார். எதிரே இருப்பவர் தானாகப் பேசும்வரை பென்சில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமுறை ரைஸ்மில் மெக்கானிக் ஒருவர் எட்டு வருஷ அனுபவச் சான்றிதழ் கொண்டுவந்தார். பென்சில் நின்ற கொஞ்ச நேரத்தில் அது ஆறு வருஷமாகி, பிறகு ஐந்தரையாகி, சரியான கணக்குக்கு வந்து சேர்ந்தது.

எல்லோருடைய விண்ணப்பத்திலும் சிக்கல் தருகிற ஒரு கட்டம் குடும்பப் பெயர். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரைப் போட்டால் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் மூன்று பெயர் வந்துவிடும். எங்கள் ஊரில் முதலெழுத்து என்பது அப்பா பெயர், இவர்கள் ஒரே குடும்பம்தான் என்று விளக்கி சார் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். எல்லா விண்ணப்பத்தோடும் அந்தத் தாளையும் இணைப்போம். எத்தனை தடவை அதை அடித்தேன் என்று கணக்கில்லை.

அவர் விட்டுக்கொடுக்காத வழக்கம் இன்னொன்று. கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். மனைவிக்கு வாசிக்கும்போது கணவன் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள். எனக்குக் கை பரபரக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சார் அடுத்த கேள்வியை வாசிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போக ஒரு புது வழி இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. பெரிய நகரங்களை விட்டுத் தள்ளி, ஆள் கிடைக்காத ஊர்களுக்குத் தொழில் தெரிந்தவர்களை எடுக்கும் வகை. அங்கேயுள்ள ஒரு முதலாளி இந்த வேலைக்கு இவர்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தப் பகுதிக்குரிய அமைப்பு அது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பிறகு குடும்பத்தோடு நிரந்தரமாகவே போய்விடலாம். வருகிறவர்கள் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். சார் அட்லஸை விரித்து, ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் விரலை வைத்து, "ராதாபுரம் மாதிரி இருக்கும்" என்பார். டவுனிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அத்தோடு எழுந்துவிடுவார்கள்.

தங்கராஜ் எழவில்லை. அவர் ராதாபுரத்துக்காரர்.

அந்தப் பக்கத்துப் பொட்டல் முழுக்கக் காற்றாலைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. தங்கராஜ் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏழு வருஷமாகக் காற்றாலை பராமரிப்பில் இருந்தார். வயது முப்பத்துமூன்று இருக்கும். காற்றாலை நிறுவ வந்திருந்த ஆஸ்திரேலிய எஞ்சினியர் ஒருவர் இவரோடு இரண்டு சீசன் வேலை பார்த்திருக்கிறார். ஊர் திரும்பி அங்கே ஒரு நிறுவனத்தில் சேர்ந்ததும் இவரையே வேண்டும் என்று எழுத வைத்திருந்தார். முதலாளி கடிதம், அமைப்பின் ஒப்புதல், ஆங்கிலத் தேர்வு முடிவு எல்லாம் சரியாக இருந்தன. சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பென்சில் எங்கேயும் நிற்கவில்லை.

அந்த வாரம்தான் சாருக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. இரண்டு வாரம் வரமாட்டார். ஒப்புதல் கடிதத்தின் கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இதை நீயே முடித்து அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தனியாக முடிக்கப்போகும் முதல் குடியேற்ற விண்ணப்பம். அந்த நினைப்பே எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

தங்கராஜ் கொண்டுவந்த தாள்களில் ரேஷன் கார்டும் இருந்தது. அதில் நான்கு பேர். கணவன், மனைவி, கனகா என்று ஏழு வயது மகள், இரண்டரை வயது மகன். விண்ணப்பத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் பிள்ளை ஒன்றுதான், மகன் மட்டும். இது யார் என்று கேட்டேன். அண்ணன் மகள், எங்கள் வீட்டில் வளர்கிறாள், கார்டில் அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சொல்லிக்கொண்டே கார்டை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்குத் தேவையில்லாத தாள். நான் மேலே கேட்கவில்லை. 'பிள்ளைகள்: ஒன்று' என்று அடித்தேன்.

கையெழுத்துப் போட மனைவியை அழைத்துவந்தார். முத்துச்செல்வி. மெலிந்த பெண். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மகன் மடியிலேயே தூங்கிவிட்டிருந்தான். வெளியே பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். தங்கராஜுக்கு அரைநாள் லீவுதான் கிடைத்திருந்தது. வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கணவர் தன்னுடையதை வேகமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். முத்துச்செல்வியிடம் இங்கே, இங்கே, இங்கே என்று பென்சிலால் குறித்துக் காட்டினேன். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாளில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பாப்பாவுக்குப் போட்டோ எப்பக்கா எடுக்கணும்? இங்கனதான் காது கேக்காத பிள்ளையளுக்கான பள்ளிக்கூடத்துல படிக்கா. ஹாஸ்டல்ல சொல்லிட்டுத்தான் கூட்டிட்டு வரணும்."

"அது பெறகு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, வா" என்றார் தங்கராஜ்.

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கனகா அண்ணன் மகளல்ல, இவர்கள் மகள்தான். குடும்பத்தில் எல்லோரும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அரசாங்கத்துக்குப் பெரிய செலவு வைக்கும் குறை யாருக்காவது இருந்தால், அந்த ஒருவரால் மொத்தக் குடும்பமும் நின்றுவிடும். கூட வராத பிள்ளையையும் காட்டித்தான் ஆகவேண்டும். தங்கராஜுக்கும் இது தெரிந்திருக்கிறது, அதனால் பிள்ளையையே இல்லாமல் ஆக்கிவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்குக் கவரைத் தபாலாபீசில் பதிவு செய்துவிட்டு வந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஒரு வாய் எடுத்துவிட்டு மூடினேன். அவருடைய பிள்ளை, அவருடைய கையெழுத்து, அவர் பாடு என்று சொல்லிப் பார்த்தேன். தபாலாபீஸ் ரசீதை மேஜை இழுப்பறையில் போட்டேன், எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன், மறுபடி இழுப்பறையில் போட்டேன். அடுத்து அடிக்கவேண்டிய தாளில் மூன்று வரிக்குள் ஐந்து பிழை. அந்தப் பெண் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. போட்டோ எப்போது எடுக்கவேண்டும் என்று அவள் என்னைத்தான் கேட்டாள், கணவனையல்ல.

மூன்று மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு இறங்கினேன். வேகமாக நடந்து பழக்கமில்லை. அன்று பாதி தூரம் ஓடினேன். தபாலாபீசில், அனுப்பியவர் எழுதிக் கொடுத்தால் பை போவதற்குள் திருப்பி எடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. அனுப்பியவர் முகவரியில் எங்கள் அலுவலகம்தான் இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் என்னை முன்பே அறிந்தவர். முகவரி தப்பாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மனு எழுதும்போது பிழை வந்து இரண்டு தாள் வீணானது. பையைக் கட்டியிருந்தார்கள், சீல் வைக்கவில்லை. அவிழ்த்துத் தேடிக் கொடுத்தார்.

கவரோடு நேரே சார் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ரேஷன் கார்டில் தொடங்கி, அந்தப் பெண் கேட்டதுவரை.

"வாசிச்சுக் காட்டினியாம்மா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் கையில் பென்சில் இல்லை, ஆனாலும் அது ஏதோ ஒரு வரியில் நின்றுவிட்டது போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, திங்கட்கிழமை இரண்டு பேரையும் வரச்சொல், நானும் வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை பச்சைக் கண்மறைப்போடு வந்து உட்கார்ந்தார். வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீயே வாசி என்றார். கவர் போகவில்லை என்றதும் தங்கராஜின் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் சாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மகனை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முத்துச்செல்விக்கு முதல் கேள்வியிலிருந்து வாசித்தேன். பெயர், பிறந்த இடம், கல்யாணமான தேதி. ஏழாவதோ எட்டாவதோ வந்த கேள்வி அது.

"கூட வாற பிள்ளைகள், வராத பிள்ளைகள் எல்லாரையும் சேத்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ரெண்டு" என்றாள்.

தாளில் என்ன இருக்கிறது என்பதை வாசிக்கவேண்டும். 'ஒன்று' என்று வாசித்தேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தாள்.

"அவ பேரு எங்கக்கா? எங்க போட்டிருக்கீங்க?"

"போடல" என்றேன்.

தங்கராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார். கத்தவில்லை. சாரைப் பார்த்தே பேசினார். "அண்ணாச்சி, நூறடி ஒசரத்துல தொங்கிக்கிட்டு வேலை பாக்குதேன். போன வருஷம் என்கூட ஏறினவன் கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான். கம்பெனி எட்டிப் பாக்கல. நானும் ஒருநா விழுந்தா இந்த மூணு பேருக்கும் யாரு? அங்கன போயி நிமிந்துட்டேன்னா அவளுக்கு வேண்டியது எல்லாம் செய்வேன். ரெண்டு வருஷத்துல அவளயும் கூப்பிட்டுக்கிடலாம்னு ஏற்கெனவே போனவன் ஒருத்தன் சொன்னான்."

"இப்ப இல்லன்னு எழுதின பிள்ளைய, பெறகு உண்டுன்னு சொல்ல முடியாது தம்பி" என்றார் சார். "நீ இல்லன்னு எழுதினா, அவங்க கணக்குல அவ எப்பவும் கெடையாது. இது தெரிஞ்சா உன்னையும் திருப்பி அனுப்பிருவாங்க. அந்தக் கேள்விக்குக் கீழயே போட்டிருக்கு."

தங்கராஜுக்கு அது தெரியாது. போனவன் சொன்னதை நம்பியிருக்கிறார். நான் வாசித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முத்துச்செல்வி நாற்காலிக்குத் திரும்பவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்தபடி பைய சொன்னாள். "அவ பேரு இல்லாத தாள்ல நான் கையெழுத்துப் போட்டுட்டனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க மட்டும் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் இருவரும் தனித்தனியாகப் படியிறங்கினார்கள். மூன்று நாள் கழித்துச் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பிள்ளைகள் என்றே அடியுங்கள் என்று தங்கராஜ் சாரிடம் சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை. மருத்துவ அறிக்கை, பள்ளியிலிருந்து ஒரு கடிதம், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று ஆசிரியை எழுதியது, எல்லாவற்றையும் இணைத்தோம். அந்த ஆசிரியையின் கடிதத்தை மொழிபெயர்க்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். ஒரு சொல்லும் குறையக் கூடாது, கூடவும் கூடாது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கவர் போனது.

பிறகு காத்திருப்பு. இன்னும் ஒரு காதுப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. சென்னைக்குப் போய் எடுத்து அனுப்பினார்கள். மாடிப்படியில் தபால்காரர் ஏறும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். சார் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். ஏறக்குறைய பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது, அவர்கள் வீட்டு முகவரிக்கே. தங்கராஜ் மட்டும் வந்தார். படித்துச் சொல்லுங்கள் என்று கவரை முதல்முறையாக என்னிடம் நீட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மகளின் உடல்நிலை காரணமாக விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு அந்தக் கவர் போயிருந்தா நாங்க போயிருப்போம்லாக்கா?" என்றார்.

"போயிருக்கலாம்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சார் இதைப் பற்றி என்னிடம் பிறகு ஒருநாளும் பேசவில்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான் ஓய்வு பெறும்வரை ஒரு கையெழுத்தும் வாசித்துக் காட்டாமல் வாங்கவில்லை. அதற்காக என்னை நல்லவள் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் செய்தது இரண்டு காரியம். முதலில் ஒரு பிள்ளையை இல்லை என்று அடித்து அனுப்பினேன். பிறகு ஒரு குடும்பத்தின் வழியை அடைத்தேன். ஒரே நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும். அன்று காலையில் முறைப்படி வாசித்திருந்தால், முடிவை அவர்களே எடுத்திருப்பார்கள். வேறு மாதிரி ஒரு வழிகூட அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வள்ளியூர் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் தங்கராஜைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. ஏதோ ஒரு காற்றாலைக் கம்பெனியின் சட்டை போட்டிருந்தார், மேற்பார்வையாளராக இருக்கவேண்டும். பக்கத்தில் உயரமாக ஒரு பெண், தோளில் பை. இருவரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ வாக்குவாதம் போல. அவள் கை வேகமாக ஓடியது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுத்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் அவ்வளவு சரளமாகப் பேசும் என்று நான் நினைத்ததில்லை.

கிட்டே போகலாமா வேண்டாமா என்று நின்றேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கும்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்தப் பெண் அவர் பார்வை போன பக்கம் பார்த்தாள். யார் என்று கையால் கேட்டாள். அந்த ஒரு கேள்வி எனக்கே புரிந்தது.

அவர் பதில் சொன்னார். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலல்ல. இரண்டு கைகளாலும் வெகுநேரம் சொன்னார். இடையில் ஒருமுறை என் பக்கம் காட்டினார், ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டார், ஒருமுறை அவளை. அவள் முழுவதையும் கவனமாகப் பார்த்துவிட்டு, திரும்பி என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. நாகர்கோவில் பஸ் வந்தது. இருவரும் ஏறிவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆயிரக்கணக்கான தாள்களை மாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றித் தங்கராஜ் தன் மகளிடம் சொன்னதை எனக்கு வாசித்துக் காட்ட அங்கே யாரும் இல்லை.